அங்கே இப்போ மணி என்ன?

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், பெருங்காய டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே ஒரு பழைய டேப்லெட் சாய்ந்து நிற்கிறது. மூலையில் கண்ணாடி விரிசல். பேட்டரி போய்விட்டதால் எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும். அதில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான்: நான் எழுதிய கடிகாரம். மேலே தஞ்சாவூர், அதற்குக் கீழே நியூ ஜெர்சி, லண்டன், மெல்போர்ன். அண்ணன், தங்கை, சித்தி பையன். அம்மாவுக்கு உலகம் இந்த நாலு வரிதான்.

நான் முழுநேர புரோகிராமர் இல்லை. பிழைப்பு கணக்கு வேலை. ராத்திரியில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். கடிகாரம் என்பது கற்றுக்குட்டிகள் முதல் வாரத்தில் எழுதும் நிரல். ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வருஷம் ஆயிற்று.

இதற்கு முன்னால் இருந்தவை சுவர்க் கடிகாரங்கள். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஓட்டல் ரிசப்ஷனில் வரிசையாக மாட்டியிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். "அந்த மாதிரி நமக்கும் மாட்டுடா" என்றாள். மூன்று கடிகாரம் வாங்கி ஆணியடித்து மாட்டினேன். மூன்றும் மூன்று வேகத்தில் ஓடின. அது போதாதென்று, முட்கள் பன்னிரண்டு மணியைக் காட்டினால் பகல் பன்னிரண்டா ராத்திரி பன்னிரண்டா என்று அம்மா ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

லண்டனுக்கு மட்டும் ஒரு தந்திரம் உண்டு. நம் ஊர் மணியைக் காட்டும் முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் தெரியும். ஐந்தரை மணி வித்தியாசம் என்பதால் வரும் அதிர்ஷ்டம் அது. மணி முள் அரை இடம் தள்ளி நிற்கும், கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் குளிர்காலத்தில் மட்டும்தான் இது பலிக்கும். கோடையில் வித்தியாசம் நாலரை ஆகிவிடும். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கவிழ்த்து இதைச் செய்து காட்டினேன். அம்மா அதைப் பிடுங்கித் துடைத்து பீரோவில் வைத்துவிட்டாள்.

சரி, 2023 டிசம்பரில் நிரல் எழுத உட்கார்ந்தேன். முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். உலகப் பொது நேரத்தை எடுத்து, அதில் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண்ணைக் கூட்டினேன், அல்லது கழித்தேன். தஞ்சாவூருக்கு ஐந்தரை கூட்டு. நியூ ஜெர்சிக்கு ஐந்து கழி. லண்டனுக்கு ஒன்றும் வேண்டாம். மெல்போர்னுக்குப் பதினொன்று கூட்டு. பள்ளிக்கூடக் கணக்கு. இதிலும் ஒரு குழப்பம் வந்தது. உன் ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால், நம் ஊருக்கு மைனஸ் 330 நிமிடம் என்று பதில் வருகிறது. நாம்தான் முன்னால் இருக்கிறோம், அப்புறம் ஏன் மைனஸ்? உள்ளூர் நேரம் பொது நேரமாக வேண்டுமானால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அது திருப்பிப் போட்டு யோசிக்கிறது. அதற்கு ஜனவரி பூஜ்யமாவது மாதம், டிசம்பர் பதினொன்றாவது. 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். தேதி சமாசாரத்தை அப்போதைய ஜாவா என்ற இன்னொரு மொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பத்து நாள் அவசரத்தின் பலனை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

ஒரு விநாடிக்கு ஒருமுறை திரையைப் புதுப்பி என்று சொல்லியிருந்தேன். சில நேரம் 41-க்குப் பிறகு 43 வந்தது. 'ஒரு விநாடி கழித்து எழுப்பு' என்று பிரவுசரிடம் சொன்னால் அது கொஞ்சம் தாமதமாகத்தான் எழுப்பும். அந்தத் துளித் தாமதங்கள் சேர்ந்து சேர்ந்து ஒரு விநாடியை விழுங்கிவிடும். இதற்கு வைத்தியம் எளிது. அடுத்த முழு விநாடிக்கு இன்னும் எத்தனை மில்லி விநாடி பாக்கி என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு, அத்தனை நேரம் மட்டும் தூங்கச் சொல்ல வேண்டும். விநாடியே வேண்டாம் என்று தூக்கிவிட நினைத்தேன். அம்மா சம்மதிக்கவில்லை. "அது ஓடுதா நின்னுடுச்சான்னு எப்படித் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி.

மார்கழியில் முதல் புகார் வந்தது. அம்மா நாலரைக்கு எழுந்து வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்திருக்கிறாள். "டேய், நான் காலண்டர்ல தாளைக் கிழிச்சாச்சு. உன் கடிகாரம் இன்னும் நேத்திக்கே நிக்குது." மணி சரியாக இருந்தது. தேதிதான் முந்தைய நாளைக் காட்டியது. தேதியை எடுக்க நான் குறுக்குவழியில் போயிருந்தேன். அந்தக் குறுக்குவழி தருவது பொது நேரத்துத் தேதி. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை, பொது நேரக் கணக்கில் நாம் இன்னும் நேற்றில்தான் இருக்கிறோம். ஐந்தரைக்கு மேல் எழுந்திருக்கும் என் போன்றவர்களுக்கு இந்தப் பிழை ஆயுசுக்கும் கண்ணில் படாது.

இதன் தங்கச்சி இன்னொன்று. அண்ணன் மகளின் பிறந்த நாளை ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். வருஷம், மாதம், தேதி மட்டும், மணி கிடையாது. அப்படி எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொது நேரத்து நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். பொது நேரத்து நள்ளிரவு நியூ ஜெர்சியில் முந்தைய நாள் மாலை. குழந்தையின் பிறந்த நாள் ஒரு நாள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பிறந்த நாள் என்பது ஒரு கணம் அல்ல, காலண்டரில் ஒரு கட்டம். அதற்கு ஊரும் கிடையாது, மணியும் கிடையாது. அதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொண்டிருந்தால் வம்பே இல்லை.

பெரிய அடி 2024 மார்ச்சில் விழுந்தது. அம்மா தினமும் காலையில் காபி குடித்துவிட்டு, ஆறு மணிக்கு அண்ணனைக் கூப்பிடுவாள். அங்கே முந்தைய நாள் மாலை ஏழரை. பேத்தி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே பாட்டியிடம் கதை சொல்வாள். எட்டு மணிக்குப் படுக்கை. மார்ச் 11 திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டபோது அண்ணன் குசுகுசுவென்று பேசினான். "தூங்கிட்டாம்மா. இங்கே எட்டரை ஆச்சு." அம்மா அலமாரியைப் பார்த்தாள். கடிகாரம் ஏழரை என்றது. பிறகு என்னைப் பார்த்தாள்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. வருஷா வருஷம் கேள்விப்படுவதுதான். ஆனால் நிரலில் ஐந்து என்ற எண்ணை எழுதும்போது அது அந்த ஊரின் குணம், கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி என்பது போல மாறாத ஒன்று, என்று மனம் எடுத்துக்கொண்டுவிட்டது.

ரோஷத்தில் ஒரு விதி எழுதினேன். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒரு மணி நேரம் கூட்டு. அதே வேகத்தில் லண்டனுக்கும் அதையே ஒட்டிவிட்டேன். மறுநாளே தங்கையிடமிருந்து செய்தி. ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறு, அந்த வருஷம் 31-ஆம் தேதி. மூன்று வாரத்துக்கு அமெரிக்கா மட்டும் தள்ளியிருக்கும், லண்டன் அப்படியே இருக்கும். மெல்போர்னில் எல்லாமே தலைகீழ். நமக்கு வெயில் ஏற ஏற அவர்களுக்குக் குளிர். ஏப்ரல் முதல் ஞாயிறன்று அவர்கள் பின்னால் இழுப்பார்கள், அக்டோபர் முதல் ஞாயிறன்று முன்னால் தள்ளுவார்கள். ஆக மார்ச் பத்துக்கும் ஏப்ரல் ஏழுக்கும் இடையில் எங்கள் குடும்பத்தில் மூன்று ஊர்கள் மூன்று வெவ்வேறு ஞாயிறுகளில் நகர்ந்தன. நகராமல் நின்றது தஞ்சாவூர் மட்டும்தான்.

விதியை எழுதி எழுதி அழித்த பிறகுதான், இந்த வேலையை வேறு யாரோ எப்போதோ செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. உலகத்தின் நேர மண்டலங்களையெல்லாம் எழுதி வைத்த ஒரு தரவுத் தொகுப்பு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களில் தொடங்கியது, பிறகு பால் எக்கர்ட் பார்த்துக்கொள்கிறார். போன், கணினி, பிரவுசர், விமான டிக்கெட் என்று பெரும்பாலானவை அதைத்தான் நம்பி ஓடுகின்றன. அதில் ஊருக்கு எண் கிடையாது, பெயர்தான். அமெரிக்கா/நியூயார்க், ஐரோப்பா/லண்டன், ஆஸ்திரேலியா/மெல்போர்ன். இந்தப் பெயரையும் ஒரு கணத்தையும் கொடுத்தால், அந்தக் கணத்தில் அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டும் என்று பிரவுசரே சொல்லிவிடும். என் எண்பது வரி நிரல் பன்னிரண்டு வரியாகச் சுருங்கியது. அவமானமாகத்தான் இருந்தது.

நாட்டின் பெயரை விட்டு ஊர்ப் பெயரை வைத்ததிலும் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நாடுகள் உடையும், சேரும், பெயர் மாற்றிக்கொள்ளும். ஊர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆனால் ஊரும் பெயர் மாறும். நம் நாட்டுக்கு அதில் உள்ள பெயர் சென்னையும் இல்லை, டெல்லியும் இல்லை, கொல்கத்தா. 2008 வரை கல்கத்தா. நான் பயன்படுத்தும் பிரவுசரில் 'நீ எந்த ஊரில் இருக்கிறாய்' என்று நிரல் கேட்டால் இன்னமும் பழக்கதோஷத்தில் ஆசியா/கல்கத்தா என்றுதான் பதில் வருகிறது. தஞ்சாவூரில் அலமாரியில் உட்கார்ந்துகொண்டு.

அந்தத் தொகுப்பின் மூலக் கோப்பைத் திறந்து பார்த்ததுதான் நான் செய்த தப்பு. இரண்டு வாரம் வேறு வேலை ஓடவில்லை. அது வெறும் எழுத்துக் கோப்பு. எண்களுக்கு நடுநடுவே பத்தி பத்தியாகக் குறிப்புகள். இன்னார் இன்ன செய்தித்தாளில் பார்த்தேன் என்கிறார், இல்லை அது தவறு என்று இன்னொருவர் சொல்கிறார். இந்தியாவின் பகுதியில் ஐந்து மணி 21 நிமிடம் 10 விநாடி என்று ஒரு வரி இருந்தது. அது மதராஸ் நேரம். கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் கட்டிய வானாய்வுக் கூடத்தை வைத்துக் கணித்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்ததால் ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி இந்தியாவின் பொது நேரம் ஆனது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் விடவில்லை என்பது தனிக்கதை.

சோதித்துப் பார்க்க 1904-இல் பிறந்த தாத்தாவின் தேதியைக் கொடுத்தேன். அமெரிக்காவில் எழுதப்பட்ட பிரவுசர், என் தாத்தா பிறந்த நாளுக்கு மதராஸ் நேரத்தைப் போட்டுக் காட்டியது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடுத்து அப்பா, 1944. ஐந்தரை வரும் என்று பார்த்தால் ஆறரை வந்தது. பிழை என்றே நினைத்தேன். போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பீரோவிலிருந்து அப்பாவின் ஜாதக நோட்டை எடுத்து வந்தாள். பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'ஒரு மணி கழித்தது' என்று எழுதியிருந்தது. எங்கள் ஜோசியருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

ஜோசியத்துக்கும் இந்தத் தொகுப்புக்கும் அதோடு உறவு முடியவில்லை. பழைய நேர விவரங்கள் தங்கள் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று 2011-இல் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம் ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குப் போட்டது. சில நாள் தொகுப்பே இணையத்திலிருந்து இறங்கிவிட்டது. அந்த அக்டோபரிலேயே இணைய முகவரிகளைக் கவனிக்கும் ஐயானா அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, 2012-இல் வழக்கும் வாபஸ் ஆனது. உலகக் கணினிகளின் நேரத்தைக் கொஞ்ச நாள் ஜாதகம் பிடித்து ஆட்டியது.

இலங்கைப் பகுதியில்தான் அதிக நேரம் நின்றேன். 1996-இல் மழையில்லை, நீர்மின்சாரம் இல்லை. மின்வெட்டைக் குறைக்க மே மாதம் கடிகாரத்தை ஆறரைக்குத் தள்ளினார்கள். அக்டோபரில் ஆறுக்குக் கொண்டுவந்தார்கள். 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்தப் பத்து வருஷமும் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில், ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறும். கோப்பில் கொழும்பு என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. அந்த இன்னொரு நேரத்துக்குத் தனி வரி கிடையாது, ஓரத்துக் குறிப்பாக மட்டும் தங்கியிருக்கிறது. அங்கிருந்தவர்கள் தங்கள் கைக்கடிகாரத்தில் பார்த்த மணியை இன்று எந்தக் கணினியைக் கேட்டாலும் சொல்லாது.

கதைக்கு வருகிறேன். நேரம் சரியாகிவிட்டது. அம்மாவின் புகார்கள் நிற்கவில்லை.

முதலில் மொழி. திரையைத் தமிழில் காட்டச் சொன்னபோது ராத்திரி ஒன்பது பத்துக்கு 'பிற்பகல் 9:10' என்று வந்தது. யார் வீட்டில் ஒன்பது மணியைப் பிற்பகல் என்கிறார்கள்? அதைத் தூக்கிவிட்டு நானே எழுதினேன். விடிகாலை, காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி. மூன்று மணி மதியமா சாயங்காலமா என்று அம்மாவும் நானும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். மூன்றரை வரை மதியம் என்று முடிவானது. தமிழ் எண்களையும் காட்ட முடியும். ஆசையாகப் போட்டுப் பார்த்தேன், அம்மா ஒரு வார்த்தை சொன்னாள்: "புரியற மாதிரி போடு."

அடுத்து தேதி. நாலு ஊருக்கும் நாலு தேதி எழுதியிருந்தது அவளுக்குக் குழப்பம். தேதியை எடுத்துவிட்டு நேற்று, இன்று, நாளை என்று போட்டேன். அண்ணன் ஊருக்கு நம் காலை ஒன்பதரை வரை, குளிர்காலத்தில் பத்தரை வரை, நேற்று. மெல்போர்னுக்குச் சாயங்காலம் விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் நாளை. இது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வருஷம் தீபாவளியன்று விடிகாலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். "இங்கே இன்னும் தீபாவளியே வரலம்மா, புதன்கிழமை சாயங்காலம்" என்றான். "தெரியும்டா, நேத்துன்னு போட்டிருக்கு. முதல் ஆளா சொல்லணும்னுதான்" என்றாள்.

அப்புறம் ராகு காலம். அண்ணன் கார் வாங்கப் போகிறான், அங்கே வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்போது என்று கேட்டாள். திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோமே, அந்த ஏழரை - ஒன்பது கணக்கெல்லாம் சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் ஊருக்கானது. உண்மையில் அது பகலை எட்டாக வெட்டி எடுத்த ஒரு துண்டு. நியூ ஜெர்சியில் டிசம்பர் பகல் ஏறக்குறைய ஒன்பதேகால் மணி நேரம், ஒரு துண்டு எழுபது நிமிடம்கூட வராது. ஜூனில் பகல் பதினைந்து மணி நேரம், துண்டு இரண்டு மணியை நெருங்கும். நாழிகைக் கணக்கு வைத்திருந்த நம் ஆட்கள் சூரியனை வைத்துத்தான் நாளைத் தொடங்கினார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டு உதயமும் அஸ்தமனமும் கணக்கிடும் பகுதியை எழுதினேன். அண்ணன் சனிக்கிழமை போய்க் காரை எடுத்துக்கொண்டான்.

அந்தக் கணக்கு வீண்போகவில்லை. அம்மா ஒரு நாள், "மணி எல்லாம் எனக்கு எதுக்கு, அவங்க ஊர்ல வெளிச்சமா இருட்டான்னு காட்டேன்" என்றாள். ஒவ்வோர் ஊரின் வரிக்கும் பின்னால் ஒரு நிறம் போட்டேன். இரவில் கருநீலம், விடியும்போது ஆரஞ்சு, பகலில் வெளிர்மஞ்சள். இப்போது அவள் எண்களைப் பார்ப்பதே அபூர்வம். கூட்டு கிளறிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்து, "லண்டன்ல பொழுது விடிஞ்சாச்சு" என்பாள். ஒரு வருஷம் நான் கஷ்டப்பட்ட விநாடிகளை யாரும் சீந்துவதில்லை.

நவம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. அமெரிக்கக் கடிகாரம் பின்னால் போகும் நாள். நம் நேரம் பதினொன்றரைக்கு அது நடக்கும் என்பதால் பதினொன்றே காலுக்கே நாற்காலியைப் போட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். தீபாவளி முறுக்கு மிச்சம் இருந்தது. அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நியூ ஜெர்சி, ராத்திரி 1:59:57. 58. 59. ஒரு விநாடி மூச்சைப் பிடித்தேன். 1:00:00.

"என்னடா, பின்னால போகுது?"

சொன்னேன். இதே ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அவர்களுக்கு இன்றைக்கு இரண்டு தடவை வரும் என்றேன்.

"அப்போ அவனுக்கு ஒரு மணி நேரம் தூக்கம் கூடவா?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவரைக்காயின் நாரை உரிக்கத் தொடங்கினாள்.